காசு பறவைக்கா, புல்லுக்கா? தெற்கு டகோட்டா வேட்டை விடுதி ஒன்றில் மூன்று நாள்

தெற்கு டகோட்டாவின் ஜேம்ஸ் ஆற்றுப் படுகையில் ஒரு விவசாயக் குடும்பம் நடத்தும் வேட்டை விடுதியில், சென்ற நவம்பர் முதல் வாரத்தில் நண்பர் ஒருவரோடு மூன்று நாள் தங்கி, நாய்களை வைத்து ஃபெசன்ட் வேட்டைக்குப் போய் வந்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 650 டாலர். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, வழிகாட்டி, அவருடைய நாய்கள், சுட்ட பறவையைச் சுத்தம் செய்து பொட்டலம் கட்டித் தருவது எல்லாம் அதில் அடக்கம். அரசு உரிமக் கட்டணம், தோட்டா, வழிகாட்டிக்குத் தரும் அன்பளிப்பு ஆகியவை தனி. விடுதியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு விடுதிக்கு மட்டும் உரியது அல்ல. அதை உரிமையாளரோடு நேரிலேயே பேசித் தீர்த்தும் கொண்டோம்.

மினியாபொலிஸிலிருந்து ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். பின்னிருக்கையில் என் நாய் மணி வந்தான். நான்கு வயது ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர். பறவையின் வாடை மூக்கில் பட்டதும் பாயாமல், குரைக்காமல், அப்படியே சிலையாக நின்று இடத்தைக் காட்டும் வகை. சொந்த நாயை அழைத்து வரலாமா என்று பதிவு செய்யும்போது கேட்டேன். தாராளமாக வரலாம், கொட்டகையில் தனிக் கூண்டும் உண்டு, கட்டணம் இல்லை என்றார்கள். படுக்கை, சாப்பாடு, வானிலை, முன்பணம் எல்லாவற்றையும் விசாரித்தேன். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். அவர்களுடைய விளம்பரத்தில் ‘பறவைக்கு உத்தரவாதம்’ என்று இருந்தது. காட்டுப் பறவைக்கு எந்த மனிதனும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஃபெசன்ட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காட்டுக்கோழிக்கு உறவுக்காரப் பறவை. சேவலுக்குக் கழுத்தில் வெள்ளை வளையம், முகத்தில் சிவந்த தோல், உடம்பெல்லாம் செம்பும் பொன்னும் கலந்த நிறம், முழ நீளத்துக்கு வால். பெட்டையோ காய்ந்த புல்லின் நிறத்தில், இரண்டடி தூரத்தில் படுத்திருந்தாலும் கண்ணுக்குப் படாது. இது அமெரிக்க மண்ணின் பறவை அல்ல, ஆசியாவிலிருந்து போனது. ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி 1880-களின் தொடக்கத்தில் ஓரிகனுக்கு அனுப்பிய பறவைகளே அங்கே முதலில் வேரூன்றின. தெற்கு டகோட்டாவில் 1908-ஐ ஒட்டி ஸ்பிங்க் கவுண்டி விவசாயிகள் விட்ட பறவைகள் பெருகி, 1919 அக்டோபர் 30 அன்று அந்தக் கவுண்டியில் மட்டும் ஒரே ஒரு நாள் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. 1943-இல் அதுவே மாநிலப் பறவையானது. 1945-இல் மாநிலத்தில் 1.6 கோடி ஃபெசன்ட்டுகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். ஹியூரான் ஊரில் 28 அடி உயரத்தில் ஃபெசன்ட்டுக்கு ஒரு சிலையே நிற்கிறது. போகிற வழியில் மணியை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தோம், அவன் அதைச் சட்டை செய்யவில்லை.

முதல் நாள் காலை பத்து மணிக்கு, விடுதிக்குப் பின்னால் இருந்த சோளக் கீற்றுகளில் இறங்கினோம். எங்கள் இருவரோடு வேறு மாநிலத்திலிருந்து வந்த இருவர், வழிகாட்டி, அவருடைய இரண்டு கறுப்பு லாப்ரடார்கள், ஒரு இங்கிலீஷ் செட்டர், அப்புறம் மணி. வழிகாட்டி முதலில் சொன்னது, நாய்களும் ஆட்களும் சேர்ந்து நடக்கும் எந்த வேட்டையிலும் முதலில் சொல்ல வேண்டிய விதி: பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும், பின்னணியில் புல் தெரிந்தால் அங்கே ஒரு நாய் தாவிக்கொண்டிருக்கலாம். இதை அவர் மூன்று நாளும், ஒவ்வொரு வயலில் இறங்குவதற்கு முன்பும், சலிக்காமல் திரும்பச் சொன்னார். அந்த ஒன்றுக்காகவே அவருக்கு முழு மதிப்பெண்.

பறவைகளுக்குப் பஞ்சமே இல்லை. இருபது நிமிடத்துக்குள் ஆறேழு எழும்பின. ஆனால் ஏதோ சரியில்லை என்பதை எனக்கு முன்பே மணி கண்டுபிடித்துவிட்டான். மூன்றாவது முறை அவன் பாயின்ட் நின்றபோது நான் அருகே போய்ப் புல்லை உதைத்தேன், ஒன்றும் எழும்பவில்லை. மறுபடி உதைத்தேன். மணி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தலையைப் புல்லுக்குள் விட்டு, உயிருள்ள சேவலைக் கவ்விக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். காட்டில் பிறந்து ஒரு கோடையைத் தாண்டிய ஃபெசன்ட் நாயின் வாய்க்கு அகப்படாது. அது முதலில் ஓடும். ஓட இடமில்லாமல் போனால்தான் எழும்பும்.

மதியம் பறவைகளைச் சுத்தம் செய்யும் மேசையில் ஒரு சேவலின் தலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நாசித் துவாரங்களுக்கும் நடுவே உள்ள தடுப்பில், ஊசி குத்தியது போல, ஆறிப்போன ஓட்டை. பண்ணைக் கூண்டுகளில் நெருக்கமாக வளரும்போது ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க, எதிரே உள்ளதைப் பார்க்க முடியாதபடி அலகின் மேல் ஒரு பிளாஸ்டிக் மறைப்பை மாட்டுவார்கள். அதன் முள் போகும் இடம் அது. வாலும் அப்படித்தான், முனை உடைந்து, கம்பி வலையில் உரசித் தேய்ந்திருந்தது. மேசையில் கிடந்த ஒன்பதில் ஏழு பறவைகளுக்கு அந்த ஓட்டை இருந்தது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தனி உரிமம் பெற்ற தனியார் வேட்டைக் களங்களில், வளர்த்துவிட்ட பறவைகளைச் செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சுட அந்த மாநிலம் அனுமதிக்கிறது. விடுதிக்காரர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை அப்படிப் பதிவு செய்திருந்தார்கள். எங்களுக்கும் அதற்குரிய உரிமத்தையே முதல் நாளுக்கு வாங்கியிருந்தார்கள். நான் குறை சொல்வது, பணம் வாங்கும்போது இதை நேராகச் சொல்லவில்லை என்பதற்காக. சந்தையில் நாட்டுக்கோழி என்று சொல்லிப் பண்ணைக் கோழியைக் கட்டிக் கொடுத்தால் நமக்கு வரும் எரிச்சல்தான் எனக்கும் வந்தது.

அன்று மாலை உரிமையாளரிடம் கேட்டேன். எழுபதைத் தொட்ட விவசாயி, மழுப்பவில்லை. ஒவ்வொரு வாரமும் பறவை வாங்கி விடுவதாகவும், விட்டவற்றில் சுடப்படாதவை பெரும்பாலும் சில வாரங்களிலேயே பருந்துக்கும் நரிக்கும் குளிருக்கும் போய்விடுவதாகவும், அடுத்த வசந்தத்தில் அவை குஞ்சு பொரித்து இனத்தைப் பெருக்கும் என்ற நினைப்பே தனக்கு இல்லை என்றும் சொன்னார். பிறகு கணக்கைப் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வடக்கே அவருக்கு 160 ஏக்கர் புல்வெளி. அதை உழுது மக்காச்சோளம் போட்டால் வரும் வருமானம், அரசு தரும் குத்தகையைவிட நல்ல விலை கிடைக்கும் ஆண்டுகளில் பல மடங்கு அதிகம். அந்த இடைவெளியை நிரப்புவது எங்களைப் போன்றவர்கள் கட்டும் 650 டாலர்தான். வருகிறவர்களோ வெறுங்கையோடு திரும்பினால் மறுவருடம் வருவதில்லை. “விடுகிற பறவையை வைத்துத்தான் விடாத பறவைக்குப் புல் நிற்கிறது” என்பதே அவர் சொன்னதன் சாரம். நான் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

அவர் சொன்ன அரசுக் குத்தகை, 1985 வேளாண் சட்டத்தில் தொடங்கிய ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ திட்டம். மண் அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு உழாமல் புல்லுக்கு விட ஒப்பந்தம் போடும் விவசாயிக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் வரும். 2007-இல் அமெரிக்கா முழுவதிலுமாக 3 கோடியே 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இதில் இருந்தது; பிறகு மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் எரிபொருளின் தேவையால் மக்காச்சோள விலை ஏறவே, ஒப்பந்தம் முடிந்த நிலங்களைப் பலர் உழுதுவிட்டார்கள். புல் போன இடத்தில் ஃபெசன்ட்டும் போயிற்று. வேட்டைக்காரர்களிடமிருந்து இதற்கு வரும் பணம் விடுதிக் கட்டணம் மட்டும் அல்ல: 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள்குழல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி போட்டு, மாநிலங்களின் வனவுயிர் வேலைக்கென்றே பிரித்துக் கொடுக்கிறார்கள். 1982-இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தொடங்கிய ‘ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர்’ அமைப்பில், உள்ளூர்க் கிளை திரட்டும் பணத்தை எங்கே செலவிடுவது என்பதை அந்தக் கிளையே முடிவு செய்கிறது. என் கவுண்டிக் கிளையின் விருந்தில் ஆண்டுக்கொரு முறை சாப்பிடுவதோடு என் பங்களிப்பு முடிகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள், வளர்த்துவிட்ட பறவை வேண்டாம், சுடக் கிடைக்காவிட்டாலும் சரி, வடக்குப் புல்வெளிக்கே போகலாம் என்று நாங்கள் இருவரும் சொன்னோம். உரிமையாளர் முகம் மலர்ந்து, தானே கூட வந்தார். இந்த விடுதியின் உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது.

நடுவில் பிக் புளூஸ்டெம், ஸ்விட்ச்கிராஸ் என்ற உயரப் புற்கள், இடுப்பளவுக்கு. தாழ்வில் சம்பங்கோரை மண்டிய சதுப்பு. பனி ஆறடிக்குக் குவிந்தாலும் அந்தக் கோரைக்குள் காற்று புகாது, குளிர்காலத்தில் பறவைகள் ஒண்டுவது அங்கேதான். அதிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள்ளேயே அறுக்காமல் விட்ட சோளம். உணவைத் தேடி வெகுதூரம் திறந்தவெளியைக் கடக்க வேண்டியிருந்தால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஓரத்தில் குதிரை மசால் என்ற தீவனப் பயிர். அதைக் காட்டி அவர் சொன்னது எனக்குப் புதிது. குதிரை மசால் வசந்தத்தில் சீக்கிரம் தழைப்பதால் பெட்டை அதில் கூடு கட்ட விரும்பும். ஒரு டஜன் அளவுக்கு முட்டையிட்டு 23 நாள் அடைகாக்கும். அடை உட்கார்ந்த பெட்டை அறுவடை இயந்திரம் மிக அருகில் வரும் வரை எழும்பாது. முதல் அறுப்பு விழுவதும் அதே ஜூன் மாதத்தில். பச்சைப் பசேலென்று இருக்கும் அந்த வயல், பெட்டைக்குப் பொறி. அதனால்தான் அதற்குப் பக்கத்திலேயே அறுக்காத புல்லை அகலமாக விட்டிருக்கிறார். புல்வெளியில் மே 1 முதல் ஆகஸ்ட் 1 வரை கத்தியே இறங்காது. புல்லுக்குள் பூச்செடிகளைக் கலந்து விதைத்ததும் அழகுக்காக அல்ல. பொரித்த குஞ்சு முதல் சில வாரம் தானியம் தின்னாது, பூச்சிதான் தின்னும். பூவில்லாத புல்லில் பூச்சி குறைவு.

காட்டுப் பறவைக்கான விதி: ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல், பெட்டையைத் தொடக்கூடாது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் இனம் என்பதால், இலையுதிர் காலத்தில் சேவல் குறைந்தாலும் அடுத்த ஆண்டின் முட்டைக் கணக்கு பெரிதாகக் குறைவதில்லை. எழும்பும் பறவை எது என்று பார்த்தவர் உரக்கச் சொல்ல வேண்டும். ‘பெட்டை’ என்ற குரல் கேட்டால் எல்லாத் துப்பாக்கிகளும் தாழும்.

அந்தப் புல்வெளியில் இரண்டரை மணி நேரம் நடந்தோம். பெட்டைகள் பதினொன்று எழும்பின. ஒரு சேவலுக்கு மட்டும் மணி பட்ட பாட்டை எழுதாமல் இருக்க முடியாது. காற்றுக்கு எதிர்முகமாக இடமும் வலமும் நெய்துகொண்டு போனவன், சடக்கென்று திரும்பி, முன்காலை மடித்து நின்றான். செட்டர் அவனுக்குப் பின்னால் இருபதடியில், தான் ஒன்றும் முகராமலே, அவன் நிற்பதை மதித்து நின்றது. நான் போவதற்குள் மணியின் வால் மெல்ல அசைந்தது: பறவை நழுவிவிட்டது. தரையோடு தரையாக ஊர்ந்து முப்பது கெஜம் போய் மறுபடி நின்றான். மறுபடி நழுவல். இப்படி நான்கு முறை, புல்லிலிருந்து கோரைக்கு, கோரையிலிருந்து சோளத்துக்கு. கடைசியில் சோளம் முடிந்து வெறும் மண் தெரியும் விளிம்பில், மறுமுனையில் நின்றிருந்த என் நண்பரைப் பார்த்து மடங்கிய அந்தச் சேவல், தகரத்தைத் தட்டுவது போலக் கத்திக்கொண்டு நேர் செங்குத்தாக எழும்பியது. வானம் தெரிந்தது. முதல் குண்டு தவறியது. இரண்டாவதில் விழுந்தது. அதன் கால்முள் ஓரங்குலத்துக்குக் கிட்டத்தட்ட, கறுத்துக் கூராக இருந்தது; முந்தைய குளிர்காலத்தைத் தாண்டிய கிழச் சேவல் என்று உரிமையாளர் கணித்தார். நாசித் தடுப்பில் ஓட்டை இல்லை. மூன்றாம் நாள் எனக்கு ஒன்று, நண்பருக்கு ஒன்று. அந்த இரண்டு நாளைக்கு இன்னும் அதிகம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விதத்தில் குறையே இல்லை. முதல் நாள் பிற்பகல் வெயில் ஏறியதும், நாங்கள் இன்னும் ஒரு வயல் பார்க்கலாம் என்று கெஞ்சியும், வழிகாட்டி நாய்களை நிறுத்திவிட்டார். குளிர்ப் பிரதேச நாய்கள் சூட்டில் ஓடி விழுந்து இறப்பது அங்கே கேள்விப்படாதது அல்ல. ஒவ்வொரு வயல் முடிந்ததும் தண்ணீர், பாதம், காதின் உட்புறம், கண் இமைக்குள் புல்முள் ஏறியிருக்கிறதா என்ற சோதனை. மணியின் மார்பில் முள்கம்பி கிழித்த சிறு காயத்தை நான் கவனிப்பதற்கு முன்பே அவர் கழுவி மருந்து போட்டிருந்தார். அவனை ‘மேனி’ என்றே கடைசிவரை கூப்பிட்டார். அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

சுத்தம் செய்யும் வேலை அரைகுறை. வீட்டுக்கு எடுத்துப்போகும் பறவை சேவல்தான் என்பதற்கு அடையாளமாகத் தலையோ காலோ இறகோடு கூடிய இறக்கையோ உடம்போடு இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே வேலை செய்த பையன் இரண்டாம் நாள் பறவையை முழுக்க உரித்துவிடப் போனான், நாங்கள்தான் தடுத்தோம். அறை சுத்தம், கட்டில் குட்டை. சாப்பாடு அளவில் தாராளம், ருசியில் கஞ்சத்தனம்: ஃபெசன்ட்டைக் காளான் சூப்பில் மூழ்கடித்து வேகவைப்பது அங்கத்திய வழக்கம். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும், காலில் ஈர்க்குச்சி போல நரம்புகள் இருக்கும். நெஞ்சை மிளகு போட்டுச் சட்டென்று வறுத்து, காலை நாட்டுக்கோழிக் குழம்பு போல ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் இரண்டும் பிழைக்கும். வீட்டுக்கு வந்து அப்படித்தான் செய்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. ஆகவே முதலில் உரிமம், பிறகே நண்பரின் துப்பாக்கியைத் தொடுவதுகூட. வெளிமாநிலத்தவருக்கான சிறுவேட்டை உரிமம் இரண்டு ஐந்து நாள் தவணைகளாக வரும், ஒரே பருவத்தில் இரண்டு முறை போகலாம். சொந்த நாய் இருந்து, விடுதிச் செலவு மிகுதி என்று தோன்றினால், அரசு விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கும் ‘வாக்-இன்’ நிலங்கள் ஏராளம். பொது நிலங்கள் பலவற்றில் ஈய ரவைக்கு அனுமதி இல்லை, எஃகு ரவை கொண்டுபோக வேண்டும். ஊரில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுக் கௌதாரிப் பக்கம் போய்விடக் கூடாது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அங்கே இருக்கிறது.

கிளம்பும் அன்று கணக்கு முடிக்கும்போது, முதல் நாள் விஷயத்தை மறுபடி எடுத்தேன். விளம்பரத்தில் இரண்டு வகை வேட்டையையும் பிரித்து எழுதுவதாக உரிமையாளர் சொன்னார். இதை எழுதும் வரை மாற்றவில்லை. ஆனால் வரும் டிசம்பரில் எனக்கும் நண்பருக்கும் இரண்டு நாள், வடக்குப் புல்வெளி மட்டும், பறவைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, கட்டணத்தில் குறைப்பும் இல்லை என்று அவரே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டார். அன்றே முன்பணம் கட்டிவிட்டேன். கூண்டுப் பதிவேட்டில் ‘மேனி’ என்று எழுதியிருக்கிறார்கள்.